ஏழு எலிகளுக்கு ஓர் இடமாற்ற உத்தரவு

1954 ஆகஸ்டு 11, புதன்.

இன்றைய தவறு: வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது. ஏழு எலிகளிடம் மருந்து வேலை செய்யவில்லை என்ற குறிப்பை இளஞ்சிவப்புத் தாளில் எழுதி அனுப்பிவிட்டேன். ஆராய்ச்சிக்கு வெள்ளை, பணியாளர் விவகாரத்துக்கு இளஞ்சிவப்பு என்று தெரிந்தேதான் அனுப்பினேன். சிறிய தவறு என்று நினைக்கிறேன். ஆனால் என் நினைப்பு பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.

டாக்டர் ஆறுமுகநயினார் தன் நாட்குறிப்பை எப்போதும் அன்றைய தவறிலிருந்துதான் தொடங்குவான். அது பாரிமுனையில் மாலை வகுப்பில் புள்ளியியல் சொல்லித்தரும் ஆசிரியர் கொடுத்த யோசனை. பிழையை முதலில் எழுதிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வகுப்பில் மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். நயினார் மட்டும் அன்றே ஒரு நோட்டு வாங்கினான். மிச்சத்தை நிம்மதியாக எழுதும் நிலை அவனுக்கு இன்னும் வாய்க்கவில்லை.

அவன் வேலை பார்த்த வடசென்னை இரத்தநோய் ஆராய்ச்சிக் கழகம், ராயபுரத்தில் துறைமுக மதிலுக்கு இந்தப் பக்கம், முன்பு மரக்கிடங்காக இருந்த கட்டடத்தில் நடந்துவந்தது. மழை பெய்தால் சுவரெல்லாம் தேக்கு மணக்கும். பெய்யாவிட்டால் காசிமேட்டுக் கருவாடு மணக்கும். மாடி முழுவதும் இயக்குநர் அறை. கீழே நிர்வாக அலுவலகம். அதற்குப் பின்னால் நோயாளிகளுக்கு எட்டுக் கட்டில். அதற்கும் பின்னால், கக்கூசைத் தாண்டி, ஆராய்ச்சி.

எம்.பி.பி.எஸ். முடித்த மகன் கடைத்தெருவில் பலகை மாட்டி உட்காருவான் என்று எதிர்பார்த்த நயினாரின் தகப்பனார், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். "ஊர்ல உள்ளவன்லாம் எலியக் கொல்லுததுக்கு மருந்து தேடுதான். எம் பிள்ளை எலியப் பொழைக்க வைக்கதுக்கு மருந்து தேடுதான்" என்று மண்டிக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். அதில் வருத்தம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று யாருக்கும் பிடிபடவில்லை.

நயினாருக்கு மேலதிகாரிகள் இரண்டு பேர். மாடியில் இயக்குநர் டாக்டர் சந்தானகோபாலன். கீழே நிர்வாக அதிகாரி தவசிமுத்து, நயினாரின் தகப்பனாருடைய ஊர்ப் பக்கத்துக்காரர். லீவு வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். இயக்குநர் மனம் குளிர்ந்திருக்கும் நாளில் தவசிமுத்துவிடம் ஒரு விதி இருக்கும். விதி இடம் கொடுக்கும் நாளில் இயக்குநர் மனம் குளிர்ந்திருக்காது. ஒருவரைத் தனியாகச் சமாளிக்க நயினாருக்குத் தெரியும். இயக்குநரிடம் அவர் பழைய சொற்பொழிவு ஒன்றைப் பற்றிக் கேட்டால் போதும். தவசிமுத்துவிடம் அவரைவிடப் பழைய சுற்றறிக்கை ஒன்றைக் காட்டினால் போதும். இரண்டு பேரையும் ஒரே நாளில் சமாளிக்கத்தான் இதுவரை முடிந்ததில்லை. அதனால் சாத்தான்குளத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போகும் பயணம் மூன்று தடவை தள்ளிப்போய், மாப்பிள்ளை ஏதோ ஜெயிலில் இருக்கிறார் என்று பெண் வீட்டார் முடிவு கட்டியிருந்தார்கள்.

இளஞ்சிவப்புத் தாள் போன மறுநாள் தவசிமுத்து ஆள் அனுப்பினார்.

"வாங்க தம்பி, இருங்க. ஒங்க புகார் கெடச்சிது."

"புகார் ஒண்ணும் குடுக்கலையே சார்."

"தற்காலிகப் பணியாளர் ஏழு பேரு, குறிச்சுக் குடுத்த மருந்துக்குக் கட்டுப்படலன்னு எழுதியிருக்கிய. பிங்க் தாள்ல."

"சார், அது எலிங்க."

"எலி இல்லன்னு நான் சொன்னேனா?" என்று தவசிமுத்து அலமாரியிலிருந்து பணியாளர் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

அதில் எல்லாம் முறையாகவே இருந்தது. ரேஷன் காலத்தில் கழகம் தொடங்கியபோது எலிகளுக்குக் கோதுமை கிடைக்கவில்லை. ரேஷன் அதிகாரி, கார்டு மனிதர்களுக்குத்தான், எலிகள் ஏற்கெனவே கிடங்கில் எடுத்துக்கொள்வது போதும் என்று சொல்லிவிட்டார். அப்போதிருந்த நிர்வாக அதிகாரி எலிகளைத் தற்காலிக நான்காம் நிலைப் பணியாளர்களாக நியமித்துக் கார்டு வாங்கினார். கார்டுக்குப் பெயர் வேண்டும். கூண்டு கவனிக்கும் காஜா மொய்தீன், துறைமுகத்தில் தன்னோடு மூட்டை தூக்கிய தோஸ்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அப்பாவு, லோகநாதன், ராசையா என்று பதிவேட்டில் ஏறியது. பிறகு ரேஷன் எடுக்கப்பட்டது. எலிகள் மட்டும் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படவில்லை. ஒரு எலி செத்தால் புது எலி அதே பெயரில் பணியில் சேர்ந்தது. அப்பாவு என்ற எலி ஏழாண்டு பணி மூப்புள்ளது. அது நயினாரின் பணி மூப்பைவிட அதிகம்.

"இது பழைய தப்புதான சார். இப்போ நீக்கிரலாமே?"

"நீக்கலாம். நீக்குனா, இத்தன வருசமா கோதும தின்னது யாருன்னு தணிக்கைல கேப்பான். நீங்க சொல்லுவியளா?"

நயினார் சொல்வதாக இல்லை.

"அப்பம் மெமோ குடுத்துர வேண்டியதுதான். ஏழு பேருக்கும் தனித்தனியா. ஒரே மெமோவக் குடுத்தா எனக்கு வரலம்பான்."

காஜா மொய்தீன் ஏழு மெமோக்களையும் கூண்டுக்கு முன்னால் நின்று உரக்கப் படித்தான். உத்தரவு அப்படி.

"அப்பாவு, எந்திரி நைனா. மெமோ வந்துகீது. இன்னாத்துக்கு மருந்துக்கு அடங்க மாட்டேங்கறேன்னு கேக்குறாங்கோ. இன்னா மொறைக்கிறே? என்கிட்ட மொறைச்சா? கீய ஆபீசாண்ட போயி மொறை."

"படிச்சா போதும் காஜா பாய். பேச வேண்டாம்."

"இவனுக்கு எவன் பேரு வச்சேனோ அந்த அப்பாவு கூட இப்டித்தான் டாக்டரே. மேஸ்திரி இன்னா சொன்னாலும் காதுல வாங்க மாட்டான். ஆனா சோக்கா மூட்டை தூக்குவான்."

மெமோவைக் கம்பியில் செருகிவிட்டுத் திரும்புவதற்குள் எலிகள் அதைக் கொறித்து முடித்துவிட்டன. "துன்ட்டானுங்கோ சார்" என்று காஜா கீழே போய்ச் சொன்னான். மேற்படியார் குறிப்பாணையைப் பெற்றுக்கொண்டனர், ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை என்று தவசிமுத்து எழுதிக்கொண்டார்.

இவ்வளவுக்கும் விஷயம் எளிமையானது. இரத்தப் புற்றுநோய் கண்ட எலிகளுக்குக் கழகத்தில் ஒரு மஞ்சள் மருந்து கொடுத்துவந்தார்கள். முதலில் நோய் தணிந்தது. எலிகள் ஓடின, தின்றன. ஆனால் தணிந்த நோய் கொஞ்ச காலத்தில் திரும்ப வந்தது. அப்படித் திரும்பி வந்த நோயை எடுத்து இன்னொரு எலிக்கு ஏற்றினால், அந்த எலியிடம் மஞ்சள் மருந்து முதல் நாளிலிருந்தே பலிக்கவில்லை. முதல் தாக்குதலில் பிழைத்த சில அணுக்கள் மருந்தைத் தெரிந்துகொண்டுவிட்டன. அவை பெருகி, இப்போது எல்லாமே தெரிந்த அணுக்களாகிவிட்டன. நயினார் அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

எலிகளோடு நின்றிருந்தால் அவன் மெமோவைப் பார்த்துச் சிரித்திருப்பான். அம்மு இருந்ததால் சிரிக்கவில்லை.

அம்முவுக்கு ஏழு எட்டு வயது இருக்கும். அவள் தாய் பூவம்மா அத்திப்பட்டு உப்பளத்தில் வேலை செய்பவள். போன வருஷக் கடைசியில் காய்ச்சலும் மேலெல்லாம் நீலத் திட்டுகளுமாக அம்முவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் மருந்து கொடுத்தார்கள். மார்ச் மாதம் அம்மு கட்டிலிலிருந்து இறங்கிக் கழக வாசலில் பாண்டி ஆடினாள். உடனே வெற்றி விழா நடந்தது. ஒரு மந்திரி வந்தார். அம்முவின் கழுத்தில் அவள் முகத்தை மறைக்கும் அளவுக்கு ஒரு மாலை போட்டார்கள். மஞ்சள் மருந்து வென்றது என்று ஆட்சிக்குழு தீர்மானம் போட்டது. இயக்குநரும் மாலையும் இருக்கும் படம் ஒன்று பார்வையாளர் கூடத்தில் மாட்டப்பட்டது. மாலைக்குப் பின்னால் அம்மு இருந்தாள்.

ஜூலைக் கடைசியில் நீலத் திட்டுகள் திரும்ப வந்தன. பூவம்மாவும் மகளைத் தூக்கிக்கொண்டு திரும்ப வந்தாள். நயினார் மஞ்சள் மருந்தையே மறுபடி கொடுத்துப் பார்த்தான். எலிகளுக்கு எப்படியோ அப்படித்தான் இருந்தது.

ஆனால் அவளைக் கட்டிலில் சேர்க்க முடியவில்லை. குணமானவர் என்று தீர்மானம் உள்ள ஒருவரை நோயாளியாகச் சேர்த்தால் தீர்மானம் பொய்யாகிவிடும். பூவம்மாவும் வாசலை விட்டு நகர மறுத்தாள். தவசிமுத்து இரண்டு நாள் யோசித்து, அம்முவைக் கழகத்தின் விருந்தினராகப் பதிவு செய்தார். விருந்தினருக்குப் பார்வையாளர் கூடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. காலையிலும் மாலையிலும் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. மருந்து கிடையாது. ஆக அம்மு, தன் படத்துக்கு நேர் கீழே, பெஞ்சில் சுருண்டு படுத்திருந்தாள்.

"டாக்டர் சார்," என்றாள் பூவம்மா, "பிஸ்கோத்து வாணாம் சார். கொயந்தைக்கு வாயெல்லாம் புண்ணு, எங்கேந்து துன்னும்? வேற எதுனா மருந்து கீதா, இல்லியா, அத்தச் சொல்லு. இல்லேன்னா வூட்டுக்கு இட்டுகினு போறேன். அங்கயாவது பாய்ல படுக்கட்டும்."

"இருக்கு பூவம்மா."

"எங்க கீது?"

நயினார் மாடியைப் பார்த்தான்.

அம்மு கண்ணைத் திறக்காமல் கேட்டாள். "டாக்டரே, எலிக்கெல்லாம் மெமோ குடுத்தியாமே. காஜா பாய் சொன்னாரு."

"ஆமா."

"எனக்கு இன்னா குடுப்பே?"

அன்றைய நாட்குறிப்பில் தவறு என்ற இடத்தில், 'பதில் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டேன்' என்று எழுதினான்.

மாடியில் இயக்குநர் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் ஒரு வெள்ளிக் கேடயம், ஒரு தந்த யானை, இவற்றுக்கு நடுவில், கடந்த மாதம் கப்பலில் வந்த புது மருந்து. மெர்காப்டோப்யூரின் என்று பெயர். வெளிநாடுகளில் குழந்தைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள், மஞ்சள் மருந்து கைவிட்ட இடத்திலும் சிலருக்குக் கேட்கிறது என்று நயினார் பத்திரிகைகளில் படித்திருந்தான். "மெர்காப்டோ பூரியா? கெயங்கு கீதா அதுக்கு?" என்று காஜா கேட்டதோடு கழகத்தில் அதைப் பற்றிய விவாதம் முடிந்திருந்தது.

டாக்டர் சந்தானகோபாலன் நல்ல மனிதர். யாரையும் திட்டமாட்டார். எதையும் மறுக்கவும் மாட்டார். விளக்குவார்.

"உட்காருங்கள் நயினார். புது மருந்தைக் கொடுக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் விதி என்ன? பழைய மருந்து தோற்ற பிறகே புது மருந்து. பழைய மருந்து தோற்றதா? தோற்கவில்லை. வென்றதாகத் தீர்மானம் இருக்கிறது. மந்திரி கைதட்டியிருக்கிறார். கொடுத்த கைதட்டலைத் திருப்பி வாங்க நம் விதிகளில் வழி இல்லை."

"குழந்தைக்குத் திரும்ப வந்திருக்கிறது சார். ரத்தத்தை நானே பார்த்தேன்."

"நீங்கள் ரத்தத்தைப் பார்க்கிறீர்கள். நான் கழகத்தைப் பார்க்கிறேன். என் இத்தனை வருஷ சேவையில் ஒரு மருந்தைக்கூட நான் தோற்கவிட்டதில்லை. ஏன் தெரியுமா? தோற்கும் போல் தெரிந்தால், அதற்குள் அறிக்கையை அச்சுக்கு அனுப்பிவிடுவேன். அச்சான பிறகு அது எப்படித் தோற்கும்?"

இதை அவர் ரகசியமாகச் சொல்லவில்லை. இளைஞர்களுக்குப் பயன்படும் என்ற அன்பில் சொன்னார். நயினார் மரியாதையாகத் தலையாட்டினான். பழக்கம். படியிறங்கும்போதுதான் ஏன் தலையாட்டினோம் என்று தன்மேல் கோபம் வந்தது.

எலிகளின் மேல் விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. எலிகளால் அலுவலகத்துக்கு வர இயலாததால் அலுவலகம் எலிகளிடம் வந்தது. கூண்டுக்கு முன்னால் மேசை போட்டு, பச்சைத் துணி விரித்து, இயக்குநர் நடுவிலும் தவசிமுத்து வலதுபுறமும் அமர்ந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் துணையாக ஒருவர் பேசலாம் என்று விதி இருந்தது. நயினார் அந்தப் பக்கம் போய் நின்றான். புகார் கொடுத்தவரே துணைப் பேச்சாளராகவும் இருக்கலாமா என்று தவசிமுத்து ஒரு கேள்வி எழுப்பி, கூடாது என்று எங்கும் இல்லை என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"பணியாளர் அப்பாவு வந்தாச்சா?"

"ஆஜர் சார்," என்றான் காஜா. "தூங்குறான்."

"விசாரணைல தூங்கினதா எழுதிக்கிடுதேன்."

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "நண்பர்களே, நாடு சுதந்திரம் அடைந்து ஏழாண்டு ஆகிறது. அந்நியன் இருந்தபோது கட்டுப்படாமல் இருந்தது ஒரு கடமை. இன்று மருந்து நம்முடையது. ஊசி நம்முடையது. இந்த நிலையில் ஒரு எலி கட்டுப்பட மறுப்பது யாருக்கு எதிராக? இதே எலிகளின் முன்னோர்கள் இதே மருந்தில் குணமடைந்து, அந்த அறிக்கையை நானே பம்பாயில் வாசித்திருக்கிறேன். மூன்று நிமிஷம் கைதட்டினார்கள். அந்த மூன்று நிமிஷத்துக்கு இந்த எலிகள் என்ன பதில் சொல்கின்றன?"

அவர் கூண்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். எலிகள் கோதுமை தின்றுகொண்டிருந்தன.

தண்டனையைப் பற்றிப் பேச்சு வந்தது. தற்காலிக நீக்கம் செய்தால் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும், அதுவும் கோதுமைதான். நிரந்தர நீக்கத்துக்கு இரண்டாம் மெமோ வேண்டும், அதையும் தின்றுவிடும். ஊதிய உயர்வை நிறுத்தலாம் என்றார் இயக்குநர். ஊதியம் இருந்தால்தானே உயர்வு என்றார் தவசிமுத்து. மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கியது. பெஞ்சிலிருந்து அம்மு இருமுவது அங்கே வரைக்கும் கேட்டது. நயினாரின் காதில் வேறு எதுவும் விழவில்லை.

"முன்னால இங்க ஒரு கிளார்க் இருந்தான்," என்று தவசிமுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சூப்பிரண்டு சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டான். ரெண்டு வருசம் மல்லுக்கட்டுனோம். பொறவு பண்டகசாலைக்கு மாத்துனோம். அங்க என்னடான்னா பசு மாதிரி வேல பாக்கான். சூப்பிரண்டு மேலயும் தப்பில்ல, அவம் மேலயும் தப்பில்லன்னு பைலை மூடியாச்சு."

நயினார் திடீரென்று நிமிர்ந்தான். அவனுக்கு அவன் யோசனைகளில் நம்பிக்கை கிடையாது. அதனால் மறுயோசனை வருவதற்குள் பேசிவிட்டான்.

"சார், இவங்களையும் மாத்திரலாம்."

"எங்கே?"

"மஞ்சள் மருந்துப் பிரிவிலேர்ந்து புது மருந்துப் பிரிவுக்கு. இடமாற்றத்துல யாரும் தோத்ததா ஆகாது. மஞ்சள் மருந்து அதோட பிரிவுல தொடர்ந்து வெற்றியோட இருக்கும். தீர்மானமும் அப்படியே இருக்கும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். தீர்மானம் அப்படியே இருக்கும் என்ற சொற்கள் அவர் முகத்தில் மெல்லப் பரவின. "இடமாற்றம்," என்றார் தனக்குள். "நிர்வாகத்தின் மிகப் பழைய மருந்து."

"புது மருந்துப் பிரிவுன்னு ஒண்ணு இல்லையே," என்றார் தவசிமுத்து.

"திறந்தால் இருக்கும்," என்றார் இயக்குநர். திறப்பு விழா என்ற எண்ணம் அவருக்கு எப்போதுமே வலுவூட்டும்.

நயினார் அங்கேயே நின்றான். இனிமேல்தான் அவன் கேட்க வேண்டியது இருந்தது.

"சார், விருந்தினரையும் மாத்தலாமா?"

தவசிமுத்து அவனைப் பார்த்தார். பிறகு கூடத்தின் பக்கம் பார்த்தார். இருமல் மறுபடி கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"விருந்தினர் எந்தப் பிரிவுல தங்குதாங்களோ, அந்தப் பிரிவுல உள்ளத குடுத்து உபசரிக்கணும். அது நம்ம விதி இல்ல, சர்க்காரு பங்களா விதி. நமக்கும் பொருந்தும்." பேனாவைத் திறந்தார். "ரெண்டாம் பிரிவுல குடுக்கதுக்கு என்ன இருக்கு?"

"மாத்திரை மட்டும்தான் சார் இருக்கு."

"அப்பம் அதத்தான் குடுக்கணும். பிஸ்கட்டுக்கு அங்க மேசை கெடையாது."

விசாரணை முடிந்து எழுந்தபோது தவசிமுத்து நயினாரைத் தாண்டிக்கொண்டே, மெதுவான குரலில், "ஊர்க்காரன்னு சலுகை காட்டுனான்னு ஒரு பய சொல்லிரக் கூடாது பாத்துக்கிடுங்க. பைல்ல எல்லாம் சரியா இருக்கணும்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நயினார் கேட்டதில்லை.

மறுநாளே கண்ணாடி அலமாரி இரண்டாம் பிரிவாக அறிவிக்கப்பட்டது. அதற்குக் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டி, இயக்குநர் வெட்டினார். கேடயமும் தந்த யானையும் இரண்டாம் பிரிவின் அசையும் சொத்தாகப் பதிவாயின. ஏழு எலிகளும் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, இடது பக்கக் கூண்டிலிருந்து வலது பக்கக் கூண்டில் பணியேற்றன. பயணப்படி கிடையாது, தூரம் போதாது என்று தவசிமுத்து குறித்தார்.

"அப்பாவு, உனக்கு டிரான்ஸ்பரு," என்றான் காஜா. "புது ஆபீசரு கிட்டயாவது ஒயுங்கா கீணும். இன்னா?"

அம்முவின் பெஞ்சை நான்கு பேர் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய் அலமாரிக்குப் பக்கத்தில் போட்டார்கள். இயக்குநர் அறைக்குள்ளேயே ஒரு குழந்தை படுத்திருப்பது முதலில் அவருக்குச் சங்கடமாக இருந்தது. தந்த யானையைக் கேட்டு அவள் அழுதபோது எடுத்துக்கொடுத்துவிட்டு, இரண்டாம் பிரிவின் சொத்து இரண்டாம் பிரிவின் விருந்தினரிடம் இருப்பதில் தவறில்லை என்று சொல்லிக்கொண்டார். அவள் தூங்கும்போது போனில் தாழ்ந்த குரலில் பேசினார். கழகத்தில் அவர் குரல் தாழ்ந்தது அதுவே முதல் தடவை.

மருந்தின் அளவை நயினார் எடை பார்த்துக் கணக்கிட்டான். மறுபடி கணக்கிட்டான். இரண்டும் ஒன்றாக வந்ததால் சந்தேகம் வந்து மூன்றாவது தடவையும் கணக்கிட்டான். ரத்தம் எடுக்கும் ஒவ்வொரு காலையும் நுண்ணோக்கியில் கண்ணை வைப்பதற்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பான்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி, நயினார் யாரிடமும் சொல்லாமல் இருந்தபோது மறுபடி ஏறியது. பூவம்மா உப்பளத்திலிருந்து வந்து, மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தாள். செப்டம்பர் நடுவில் காய்ச்சல் இறங்கியது இறங்கியதுதான். திட்டுகள் பச்சையாகி, மஞ்சளாகி, கரைந்தன. ஒரு காலை நயினார் நுண்ணோக்கியில் பார்த்தான். தவறாகப் பார்க்கிறோமோ என்று மற்றக் கண்ணால் பார்த்தான். நேற்று வரை கூட்டம் கூட்டமாக இருந்த அணுக்களில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் இயக்குநர் அறையிலிருந்து சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு அம்மு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் இயக்குநர் கொடுத்தது.

"சார்," என்றாள் பூவம்மா. முந்தானையில் முடிந்திருந்த ஒரு உப்புக் கட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள். நல்ல படிகம். கண்ணாடி போல் இருந்தது. "எங்க பாத்தில மொத மொத வெளஞ்சது சார் இந்த வாட்டி."

வலது கூண்டில் அப்பாவு எலியும் ஓடிக்கொண்டிருந்தது.

உடனே வெற்றி விழா என்றார்கள். அக்டோபர் ஆறாம் தேதி. முன்பு வந்த மந்திரிக்கு நேரமில்லாததால் வேறொரு மந்திரி வந்தார். மாலை இந்தத் தடவையும் பெரிதாகவே இருந்தது. "ஒரு மருந்தில் வென்றோம். இன்னொரு மருந்திலும் வென்றோம். தோல்வி என்ற சொல்லே இல்லாத ஆராய்ச்சிக் கழகம் உலகத்தில் வேறு எங்காவது இருந்தால் நான் போய்ப் பார்க்கத் தயார், பயணப்படி அனுமதிக்கப்பட்டால்" என்றார் இயக்குநர். மந்திரி கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது படத்துக்கு முதல் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடிக்கப்பட்டது. அதற்கு அப்பால் சுவரில் நிறைய இடம் இருந்தது.

நயினார் அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாலைக்குப் பின்னாலிருந்து அம்மு அவனைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். அவளுக்கு மல்லிகை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. புது மருந்திலிருந்தும் சில அணுக்கள் தப்பியிருக்கும். அவை இப்போது எங்கோ உட்கார்ந்து இந்த மருந்தையும் தெரிந்துகொண்டிருக்கும். மூன்றாவது அலமாரி கழகத்தில் இல்லை. மூன்றாவது மருந்தும் இல்லை.

விழா முடிந்ததும் லீவு மனுவோடு போனான். சாத்தான்குளத்தார் கடைசித் தடவையாக ஒரு நாள் குறித்திருந்தார்கள். இயக்குநருக்கு மனம் நிறைந்திருந்தது. உடனே கையெழுத்திட்டார். கீழே தவசிமுத்து மனுவை வாங்கிப் பார்த்து, விழா நாளில் கொடுக்கப்பட்ட மனு அடுத்த வேலை நாளில் கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றார். அடுத்த வேலை நாளில் இயக்குநர் டில்லிக்குப் போகிறார்.

"ஒருத்தர்ட்ட தப்பிச்சா இன்னொருத்தர்ட்ட மாட்டிக்கிடுதேன் சார்," என்றான் நயினார் களைப்பாக.

"அதுக்குத்தான தம்பி ரெண்டு பேரு வச்சிருக்கு," என்றார் தவசிமுத்து.

அன்று மாலை வகுப்புக்கு பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியம் கூடவே வந்தது. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் பின்னங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார். லட்சத்தில் ஒன்று நடப்பதும், வேறொரு லட்சத்தில் ஒன்று நடப்பதும் ஒரே இடத்தில் சேர்ந்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யங்களாகப் போட்டுக்கொண்டே போனார். பலகையின் ஓரம் வரை பூஜ்யங்கள் போயின. நயினார் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். அப்பாவு எலியும் அம்முவும் இதுவரை ஒரு சமயத்தில் ஒரு மேலதிகாரியின் கீழேதான் இருந்திருக்கிறார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினான்.

1954 அக்டோபர் 6, புதன்.

இன்றைய தவறு: விழாவில் நானும் கைதட்டினேன். முடிவதற்கு முன்னால் கைதட்டக் கூடாது.

இன்னொன்று தோன்றியிருக்கிறது. தவறாக இருக்கலாம். ஒரு மருந்துக்குத் தப்பும் அணு இருக்கிறது, மற்றதற்குத் தப்பும் அணுவும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நாளில் தப்பும் அணு மிக அரிதாகத்தான் இருக்கும். அதிகாரிகளைப் பொறுத்தவரை இது உண்மை, நானே சாட்சி. எலிகளைப் பொறுத்தவரை தெரியாது. அம்மு இப்போது நன்றாக இருக்கிறாள். அவளுக்குத் திரும்ப வருவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாளைய வேலை: காலையில் முதலில் அம்முவின் ரத்தம் பார்ப்பது. பிறகு நோய் ஏற்றிய புது எலிகளைத் தனிக் கூண்டில் வைத்து, இரண்டு மருந்தையும் அளவைக் குறைத்துச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்குவது. மேற்படி பணியாளர்கள் முதல் பிரிவிலும் இரண்டாம் பிரிவிலும் ஒருங்கே கூடுதல் பொறுப்பு வகிக்க அனுமதி கோரி தவசிமுத்து சாருக்கு மனு எழுதுவது. இளஞ்சிவப்புத் தாளில்.